எந்த வீட்டில் பிறந்தார் என்பதும் எதுவரை போவார் என்பதும்

“ஏழை வீட்டில் பிறந்த தலைவர்தான் ஏழைகளுக்கான சீர்திருத்தத்தைச் செய்வார், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த மனம் வராது என்கிறார்களே, இதற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதை நிதானமாகப் படித்தால் உள்ளே இரண்டு கேள்விகள் இருப்பது தெரிகிறது. ஒரு தலைவர் சீர்திருத்தத்தில் இறங்குவாரா என்பதை அவருடைய பிறப்பை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பது ஒன்று. இறங்கியவர் எந்த எல்லையில் நின்றுவிடுவார் என்பதைச் சொல்ல முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு முடியாது என்றே என் பதில். இரண்டாவதற்கு ஓரளவு முடியும். ஆனால் அதற்குத் தலைவரின் வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, அவரைத் தாங்கி நிற்பவர்கள் எந்த வர்க்கத்தார் என்றும் பார்க்க வேண்டும்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் முதல் சில ஆண்டுகள் காவிரிப் பாசனப் பகுதியில், குத்தகைப் பதிவு, நில உச்சவரம்பு சம்பந்தமான கோப்புகளோடு கழிந்தன. ஆகவே எனக்குத் தெரிந்த நிலச் சீர்திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான உரைகல் இல்லை என்பதும் ஒரு காரணம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு எவரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. நிலத்தில் ஒருவருக்குக் கொடுப்பது என்றால் இன்னொருவரிடமிருந்து எடுப்பது என்றுதான் பொருள். தலைவர் தன் சொந்த வர்க்கத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவாரா என்பது அங்கேதான் தெரியவரும்.

இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடிலிருந்து தொடங்குகிறேன். 1909இல் மலபாரின் ஏலங்குளத்தில் ஒரு பெரிய ஜன்மி வீட்டில் பிறந்தவர். ஜன்மி என்றால் நம் பக்கத்து மிராசுதாரைவிடவும் மேலே, நிலத்தின் மீது முழு உரிமை கொண்டாடிய வர்க்கம். இளம் வயதில் நம்பூதிரி சமுதாயத்துக்குள்ளேயே சீர்திருத்தம் கேட்ட யோகக்ஷேம சபையில் பணியாற்றினார். பிறகு காங்கிரஸ், சிறை, பொதுவுடைமைக் கட்சி என்று சென்றார். தன் பங்குக்கு வந்த சொத்தை விற்றுக் கட்சிக்குக் கொடுத்தார். அன்று மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்த மாகாணத்தின் சட்டமன்ற உறுப்பினராக மலபாரின் குத்தகை முறையை ஆராய்ந்த குடிவாரக் குழுவில் இடம்பெற்றவர், குழுவின் முடிவோடு ஒத்துப்போகாமல் ஜன்மி முறையையே ஒழிக்க வேண்டும் என்று தனி மறுப்புக் குறிப்பு எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். ஆட்சி கைக்கு வரும் என்று யாரும் நினைக்காத காலம். 1957 ஏப்ரல் 5 அன்று கேரளத்தின் முதல் அமைச்சரவை அவர் தலைமையில் பதவியேற்றது. ஒரு வாரத்துக்குள் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றுவதை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் வந்தது. சேர்த்தலைப் பக்கத்து ஈழவக் குடும்பத்தில் பிறந்த சட்டப் பட்டதாரியான கௌரி அம்மா, வருவாய்த் துறை அமைச்சராக, அதே ஆண்டு டிசம்பரில் நில உறவு மசோதாவைச் சபையில் வைத்தார். 1959 ஜூனில் மசோதா நிறைவேறியது. ஜூலை 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அங்கிருந்து குத்தகை முறை முற்றாக ஒழிந்த 1970 ஜனவரி 1 வரை பத்தாண்டுக்கு மேலான இழுபறி.

அடுத்து கர்நாடகத்தின் தேவராஜ் அர்ஸ். ஹுன்சூர் பக்கத்துக் கல்லஹள்ளியில், மைசூர் அரச குடும்பத்தோடு உறவுடைய ‘அரசு’ என்ற சமூகத்தில் 1915இல் பிறந்தவர். வறுமையில் வளர்ந்தவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். 1974 மார்ச் 1 முதல் குத்தகை முறையை ஒழித்து, உழுபவருக்கே நிலம் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். தாலுகா தோறும் நிலத் தீர்ப்பாயங்கள் அமைந்தன. வருவாய் அதிகாரியோடு உள்ளூர்ப் பிரதிநிதிகளும் அதில் அமர்ந்தார்கள். வழக்கறிஞர்கள் ஆஜராகக் கூடாது என்று சட்டமே சொன்னது. இந்த ஒரு விதியின் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க முடிந்தவன் எந்தப் பக்கம் இருப்பான் என்பது தெரிந்தவர் எழுதிய விதி அது.

அர்ஸுக்கு ஏன் அது முடிந்தது என்று கேட்டால், அவருடைய மனத்தை மட்டும் காரணமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கர்நாடக அரசியலை அதுவரை நடத்தியவர்கள் நிலமுடைய லிங்காயத்துகளும் ஒக்கலிகர்களும். அர்ஸின் சமூகமோ எண்ணிக்கையில் மிகச் சிறியது. அவர் தன் ஆட்சியை நிலைநிறுத்த, அந்த இரு பெரும் சமூகங்களுக்கு வெளியே இருந்த பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோரைத் திரட்டியாக வேண்டியிருந்தது. நிலமுடையோரின் தயவில்லாமல் ஆட்சிக்கு வர முடிந்தவர், அவர்களுக்குக் கடன்படாதவர் என்பதே அவருக்குக் கிடைத்த வசதி.

இதை நம் ஊர்க் காமராசரோடு வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகிறது. விருதுநகரில் சாதாரண வணிகக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தவர். படிக்க முடியாமல் போனவனின் வலி அவருக்கு ஏட்டறிவாக வந்ததல்ல. ஊருக்கு ஊர் பள்ளி, இலவசக் கல்வி, 1956இல் மதிய உணவு என்று அவர் செய்தவற்றில் அந்த வலியின் சுவடு இருக்கிறது என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன். ஆனால் அதே காமராசரின் ஆட்சியில் வந்த 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தைப் பாருங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர். பெண்கள் பெயரில் சீதன நிலமாகத் தனியே 10 ஸ்டாண்டர்டு ஏக்கர். அறக்கட்டளை நிலத்துக்கும் தோட்டப் பயிருக்கும் பழத்தோப்புக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் விலக்கு. உச்சவரம்பு வரப்போகிறது என்ற பேச்சு பல ஆண்டுகளாகவே அடிபட்டுக்கொண்டிருந்ததால், நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கும் உறவினர் பெயருக்கும் நம்பிக்கையான பண்ணையாட்கள் பெயருக்கும் எழுதிவைக்கத் தாராளமாக அவகாசம் இருந்தது. ஏழையின் துயரம் அறியாதவர் என்று காமராசரை யாராலும் சொல்ல முடியாது. காவிரிப் பகுதியில் அவருடைய கட்சிக்குத் தூண்களாக நின்றவர்கள் பெரும் மிராசு குடும்பத்தினர். பள்ளிக்கூடம் கட்டியபோது அந்தத் தூண்கள் அசையவில்லை; இடமும் பணமும் கொடுத்த மிராசுதார்கள்கூட உண்டு. நிலத்தில் கை வைத்திருந்தால் கட்சியே ஆட்டம் கண்டிருக்கும். ஒரே மனிதர், ஒரே பிறப்பு, ஒரே ஆட்சிக் காலம். கல்வியில் ஒரு விதமாகவும் நிலத்தில் வேறு விதமாகவும் முடிந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் உதாரணமும் சொல்லியாக வேண்டும். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 தான். பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களைப் பிடித்தது. முதலமைச்சரான ராஜாஜி, பொதுவுடைமையினரைத் தன் முதல் எதிரி என்று வெளிப்படையாக அறிவித்தவர். சொத்துரிமையில் பழமையான நம்பிக்கை கொண்டவர். தஞ்சை மாவட்டத்துக்குக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தை அந்த ஆண்டே கொண்டுவந்தவரும் அவர்தான். காரணமில்லாமல் வெளியேற்றக் கூடாது, குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது சேர வேண்டும் என்றது அந்தச் சட்டம். தஞ்சை வயல்களில் செங்கொடிச் சங்கம் இல்லாதிருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது என்பதே என் கணிப்பு. தலைவரின் பிறப்போ கொள்கையோ தராத ஒன்றை, கீழே திரண்டு நின்ற கூட்டம் தரவைத்தது.

கலைஞர் கருணாநிதியின் பிறப்போ இவர்கள் எல்லோரையும்விட நிலத்திலிருந்து தள்ளி நின்றது. திருக்குவளையில் இசை வேளாளர் குடும்பம். மிராசுகளும் கோயில்களும் தரும் ஆதரவில் பிழைத்த சமூகம். 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து சாம்பலான கீழ்வெண்மணி, அவர் பிறந்த ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று அது நடந்தது. சில வாரங்களில் அவர் முதலமைச்சரானார். 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1970இல் உச்சவரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது, 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கியது என்று அடுத்தடுத்து வந்தன. இவற்றில் கடைசிச் சட்டம் உண்மையாகவே பலன் தந்தது. மனைக்கட்டிலிருந்து எந்த நேரமும் விரட்டப்படலாம் என்ற பயம் நீங்கிய குடும்பங்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் உபரியாக எடுத்துப் பங்கிடப்பட்ட நிலம், மாநிலத்தின் சாகுபடிப் பரப்பில் மிகச் சிறு பகுதிதான். சட்டத்தின் வாசகத்தில் 15 ஏக்கர் இருந்தது; களத்தில் அந்த 15 ஏக்கரைக் கணக்கிட்டவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருந்தது.

அதை நான் பார்த்த ஒரு காட்சியைக் கொண்டு சொல்கிறேன். குத்தகை உரிமைப் பதிவேட்டில் சாகுபடியாளர் பெயரைச் சேர்ப்பதற்கான விசாரணைக்காக 1973இல் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். உட்கார மேசை நாற்காலி போட்டிருந்த இடம் ஊரின் பெரிய மிராசுதார் வீட்டுத் திண்ணை. கிராமக் கணக்கரான கர்ணம், எந்த நிலத்தில் யார் சாகுபடி செய்கிறார் என்று எழுதும் அடங்கல் பதிவேட்டைப் பிரித்துப் படித்தார். எந்தச் சர்வே எண்ணைக் கேட்டாலும் ‘சொந்தச் சாகுபடி’ என்றே இருந்தது. அந்தக் கர்ணம், தகப்பன் வழியில் பதவிக்கு வந்தவர்; தானும் நிலம் வைத்திருந்தவர்; மிராசுதாருக்கு உறவு. வாசலில் குந்தியிருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, இந்த நிலத்தை உழுவது யார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திண்ணைத் தூணில் சாய்ந்து நின்ற, மிராசுதாரின் நிலத்தை மேற்பார்க்கும் காரியக்காரரைப் பார்த்தார். “ஐயா வீட்டு நெலம், நான் சும்மா பாத்துக்கிறேன்” என்றார். அன்று மாலை நான் சைக்கிளில் திரும்பும்போது வாய்க்கால் கரையில் காத்திருந்து வழிமறித்தார். இருபது வருஷமாக அந்த நிலத்தில் போகத்துக்கு இத்தனை கலம் என்று அளப்பதை மடமடவென்று சொல்லிவிட்டு, “பேரை மட்டும் எழுதிப்புடாதீங்க ஐயா, அடுத்த போகத்துக்கு மடை தெறக்க விடமாட்டாங்க” என்று கையைக் கூப்பினார். நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமா என்ற கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

சென்னையில் கையெழுத்திட்ட முதலமைச்சர் எந்த வீட்டில் பிறந்தவர் என்பதற்கு அந்தத் திண்ணையில் எந்த மதிப்பும் இருக்கவில்லை. கர்ணத்தின் வர்க்கம்தான் அங்கே பேசியது. பரம்பரைக் கர்ணம், மணியம் (கிராமத் தலைவர்) பதவிகளை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபோது, துறைக்குள் பெரும் முணுமுணுப்பு இருந்தது. அதை நிலச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதி என்று அன்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்வேன். ஆனால் உச்சவரம்புச் சட்டம் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துத்தான் அது நடந்தது. நீதிமன்றமும் இந்தப் பார்வைக்கு விலக்காக இருக்கவில்லை. கீழ்வெண்மணி வழக்கில் மிராசுதார்களை 1973இல் விடுவித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு, கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதியான மனிதர்கள் தாங்களே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற தொனியில் பேசியது. அந்த வரியைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’, உழுபவரின் பெயரைப் பதிவு செய்யும் இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. முதலமைச்சர் ஜோதி பாசு ஒரு மருத்துவரின் மகன், லண்டனில் படித்த பாரிஸ்டர். வயலுக்கும் அவருக்கும் உள்ள தூரம் நம் தலைவர்களுக்கு இருந்ததைவிட அதிகம். ஆனால் அங்கே அதிகாரிகள் நிலமுடையவரின் வீட்டுக்குப் போகவில்லை. குத்தகைதாரர்களைக் கூட்டமாகச் சேர்த்து, அவர்களுடைய குடியிருப்புப் பக்கமே மாலை நேரத்தில் முகாம் போட்டார்கள். ஒருவர் தனியாகப் பேர் கொடுத்துப் பகையைச் சம்பாதிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் விவசாயச் சங்கம் நின்றது. ஏறத்தாழ 14 லட்சம் பேரின் பெயர்கள் பதிவாயின. என்னிடம் கை கூப்பிய பெரியவர் அந்த முகாமில் இருந்திருந்தால் பேர் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி, அதாவது எங்கே நின்றுவிடும் என்பது. இங்கேதான் வர்க்கப் பின்னணி தன் வேலையைக் காட்டுகிறது. கேரளத்தில் குத்தகைதாரர்களுக்கு நிலம் கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் நாயர், ஈழவர், கிறித்தவர், முஸ்லிம். அந்த நிலத்தில் நாற்று நட்டுக் கதிர் அறுத்த புலையரும் பறையரும் குத்தகைதாரர் அல்லர், கூலிகள். அவர்களுக்குக் குடிகிடப்பு உரிமையாக, அதாவது குடிசை இருந்த மனைக்கான உரிமையாக, கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3. தோட்ட நிலங்களுக்கு விலக்கு. சட்டத்தை உருவாக்கியவர்கள் யாரும் கெட்ட மனத்தோடு இதைச் செய்யவில்லை. கட்சியின் நடு வரிசை குத்தகைதாரர் வீடுகளிலிருந்து வந்தது. அவர்களுக்குச் ‘சாகுபடியாளர்’ என்றால் தங்கள் அப்பாவின் முகம்தான் மனத்தில் வந்திருக்கும். கூலிக்காரரின் முகம் வருவதற்கு, சட்டம் எழுதிய அறையில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் இருந்திருக்க வேண்டும்.

இலங்கையிலும் இதே கதை இன்னும் கொடுமையாக நடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க, கண்டியின் ரத்வத்த என்ற பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய 1972ஆம் ஆண்டுச் சட்டம் 50 ஏக்கரை உச்சவரம்பாக வைத்து, வயல் நிலத்துக்கு 25 ஏக்கர் என்று வரையறுத்தபோது, அவருடைய சொந்தங்களின் நிலமும் போயிற்று. 1971 ஏப்ரலில் கிராமத்து இளைஞர்கள் ஆயுதம் ஏந்திய அதிர்ச்சி அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. ஆனால் தோட்டங்கள் அரசுடைமையானபோது அங்கே தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர்களுக்கு நிலம் வரவில்லை. பலர் இருந்த லயத்தையும் (தோட்டத்து வரிசை வீடு) வேலையையும் இழந்து, பட்டினியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதிலிருந்து அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை. அவர்களுக்காகப் பயப்பட வேண்டிய தேவை எந்தத் தலைவருக்கும் இருக்கவில்லை.

இதில் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை என் ஊகமாகச் சொல்கிறேன் என்பதைப் பிரித்துவிடுவது நியாயம். நில வர்க்கத்தில் பிறந்தவர்களே நில வர்க்கத்துக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதும், எளிய வீட்டில் பிறந்தவர்களின் ஆட்சியில் அத்தகைய சட்டங்கள் நீர்த்துப்போயிருக்கின்றன என்பதும் ஆவணத்தில் உள்ள உண்மை. அதற்குக் காரணம் கட்சியின் அடித்தளம்தான் என்பது என் வாசிப்பு. தேசியச் சூழல், நீதிமன்றத் தீர்ப்புகள், அரசியல் சட்டத் திருத்தங்கள் என்று வேறு காரணங்களுக்கு அதிக இடம் தருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களை மறுக்க ஏழெட்டுத் தலைவர்களின் கதை போதாது. ஒருவர் தன் பிறப்பால் தூண்டப்பட்டாரா, பிறப்பை மீறினாரா என்பதைக் கோப்புகள் சொல்லாது. காமராசரின் வலி பற்றி மேலே எழுதியது நம்பிக்கைதான், நிரூபணம் அல்ல. மற்றொரு பக்கம், பிறப்புக்கு மதிப்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் முந்தைய தொழிலை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், உடலுழைப்பு வேலையிலிருந்து வந்த சொற்பப் பேர் பொருளாதார மசோதாக்களில் தொழிலாளர் பக்கம் கூடுதலாக வாக்களிப்பதைக் காட்டுகின்றன. ஆனால் அது ஒரு தலைவரைப் பற்றிய செய்தி அல்ல, சபையில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

ஆகவே கேள்வி கேட்ட நண்பர் ஒரு தலைவரை எடைபோட விரும்பினால், அவர் பிறந்த குடிசையின் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவர் கொண்டுவரும் சட்டத்தில் விலக்குப் பிரிவுகள் எவை, யாருக்காக என்று முதலில் படிக்கட்டும். கேரளத்தில் தோட்ட நிலங்களுக்குத் தந்த விலக்கு என்ன செய்தது என்பதற்கு, சட்டம் வந்து முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதில் கிடைத்தது. 2007 ஆகஸ்டில் பத்தனம்திட்டா மாவட்டத்துச் செங்கறையில் நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் தலித்துகள், ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து குடிசை போட்டு, சாகுபடிக்கு நிலம் வேண்டும் என்றார்கள். அப்போது முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தன். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தையல் கடையிலும் பிறகு கயிற்றுத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். அதே ஆண்டு மூணாறு ஆக்கிரமிப்புகளை இடிக்க முனைந்து, தன் கட்சியும் தோழமைக் கட்சியும் குறுக்கே வந்ததால் பின்வாங்க நேர்ந்தவரும் அவரே. மனம் இல்லாதவர் என்று சொல்ல வழியில்லை. செங்கறைக் குடும்பங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தோட்டத்துக் குடிசைகளில் காத்திருந்தன. 2009 அக்டோபரில்தான் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது.